திருகோணமலை வீதிப் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன்

1

கண்டி வாசகரே, இன்று உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அஞ்ச வேண்டாம், குற்றம் உங்கள்மேல் இல்லை. காலைவேளையில் நம் கண்டியின் திருகோணமலை வீதி வழியாகச் சந்தைக்கு நடந்தவர் நீங்கள். முதுகுக்குப் பின்னால் பஸ் ஊதிக்கொண்டு வந்தபோது கூடையை நெஞ்சோடு அணைத்து வடிகானின் ஓரக்கல்லில் ஏறி நின்றவர் நீங்கள். ஒருவேளை, எங்கள் தர்க்க சங்க மண்டபத்தில் ஒரு மாலைப்பொழுது நான் பேசி முடித்தபோது கதிரையை விட்டெழுந்து கைதட்டியவரும் நீங்களாக இருக்கலாம். அப்படியானால் அந்தக் கைதட்டலைச் சற்றே மறந்துவிட்டு இதைக் கேளுங்கள்.

நான் மலாய் நாட்டில், ஈப்போ நகரில், ஓர் ஈயக் கம்பெனியின் கந்தோரில் எழுத்தனாக இருக்கிறேன். வந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. இந்த ஊரைப் பற்றி எழுதுவோர் ஈயத்தைப் பற்றியும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பற்றியும் எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது அஞ்சடியைப் பற்றி. இங்கே கடை கட்டுகிற எவரும் தம் வாசலுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தை விட்டுவிட வேண்டும். அதன்மேல் கூரையும் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கடையின் ஐந்தடி அடுத்த கடையின் ஐந்தடியோடு சேர்ந்து, அது அதற்கடுத்ததோடு சேர்ந்து, வீதியின் தலையிலிருந்து கால்வரை ஒரே நடையாகிவிடுகிறது. மழை, வெயில், மோட்டார் வண்டி மூன்றும் வெளியே நிற்கும். நடப்பவன் உள்ளே போவான். நம்மவர்கள் அதை அஞ்சடி என்கிறார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் கந்தோருக்குப் போகும் வழியில், ஒரு சீனக் கடைக்காரர் கருவாட்டுத் தொட்டிகள் இரண்டை அஞ்சடியில் பரப்பி வைத்திருந்தார். பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். அதட்டவில்லை, தடியின் நுனியால் தொட்டியைக் காட்டினார், பிறகு கடையின் உட்புறத்தைக் காட்டினார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே, வயிற்றாலும் முழங்காலாலும் தள்ளித் தொட்டிகளை உள்ளே எடுத்தார். அந்த இடைவெளி வழியாக, தோளில் காவடித்தண்டு போட்டுத் துணிமூட்டை சுமந்த ஒரு கிழவி வந்தாள். பொலிஸ்காரரைப் பார்க்கவில்லை, கடைக்காரரைப் பார்க்கவில்லை. தனக்காக ஏதோ நடந்தது என்ற நினைப்பே இல்லாமல் போய்விட்டாள்.

நான் நின்றுவிட்டேன். கந்தோர் மணி அடித்ததும் கேட்டது, கால் அசையவில்லை. கருவாட்டு மணத்தின் நடுவே நின்று, ஒரு முட்டைக் கூடையை நினைத்துக்கொண்டிருந்தேன். என் சட்டைப்பையில், முந்தின நாள் தபாலில் வந்த தங்கையின் கடிதம் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்வதற்கு முன் நீங்கள் பாறூக்கை அறிய வேண்டும்.

2

பாறூக் மடவளையைச் சேர்ந்தவன், என் வயதுக்காரன். அவனுடைய உம்மா அயல் வீடுகளில் சேர்த்து வைக்கும் முட்டைகளை, சைக்கிளின் பின்னால் இரண்டு கூடைகளில் உமி பரப்பி, முட்டைமேல் உமியும் உமிமேல் முட்டையுமாக அடுக்கி, நாள்தோறும் கண்டிச் சந்தைக்குக் கொண்டுவருவான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து மஹய்யாவ ஏற்றத்தில் மூச்சுவாங்க ஏறி, எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் காலை ஊன்றி நின்று மணி அடிப்பான். என் தகப்பனார் அந்த வீதிக்கெல்லாம் கல்லும் தாரும் போட்ட கூலிகளுக்குக் கங்காணி. மகனான நான் டவுனில் ஒரு பாடசாலையில் உதவி ஆசிரியன். கங்காணியின் மகன் வெள்ளை வேட்டியில் தூசு படாமல் பாடசாலை போய்ச் சேர்வது பாறூக்கின் சைக்கிளின் முன்தண்டில்தான்.

"ஏறு மாஸ்டர். இன்டைக்கி ஆருக்கு ஏசப் போற?"

"ஏசுறதில்லடா, பேசுறது."

"ஒனக்கு ரெண்டும் ஒண்டுதானே."

பேச்சுப் போட்டிகளுக்கு நான் தயாரித்ததெல்லாம் அந்தத் தண்டின்மேல் அமர்ந்துதான். இறக்கத்தில் காற்று எதிரே வரும். அந்தக் காற்றைச் சபையாக எண்ணிக்கொண்டு, கையை நீட்டி, 'அவைத் தலைவர் அவர்களே' என்று தொடங்குவேன். பாறூக் பின்னாலிருந்து, வாக்கியம் பிடித்தால் ஒரு தரம் மணியை அடிப்பான், நீண்டுபோனால் இரண்டு தரம். எதிரே வரும் வண்டிக்காரர்கள் வழிவிட்டுத் திட்டுவார்கள். பிற்காலத்தில் என் பேச்சைச் சீர்தூக்கிய பெரியோர்கள் பலர் உண்டு. என் வாக்கியங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த மணியைப்போல் எவரும் எனக்குச் சொல்லவில்லை.

சந்தையை அண்டிய துண்டு வந்ததும் அவன் குரல் மாறிவிடும். "இறங்கு. இனி நீயும் முட்ட மாதிரித்தான்." நான் இறங்கிக்கொள்வேன். அவனும் இறங்கி, சைக்கிளைக் குழந்தையைப் போல் பிடித்துக்கொள்வான். அந்தத் துண்டை நீங்கள் அறிவீர்கள். ஒரே ஊருக்குப் போகும் இரண்டு பஸ்கள் ஒரே பயணிக்காக ஒன்றையொன்று முந்தும். படியில் தொங்கும் கொண்டக்டர், ஏறப்போகிறவரின் கையைப் பிடித்து இழுப்பான். ஏறாதவரைக் காலால் விலக்குவான். றிக்‌ஷாக்காரன் ஒருபுறம், மாட்டு வண்டி ஒருபுறம். இவற்றுக்கு நடுவே கீரைக் கட்டோடு வருகிற பெண்ணும், பாடசாலைக்குப் போகிற பிள்ளையும், உமிக்குள் முட்டை வைத்தவனும்.

"ஏழு மைல் வாறேன்," என்பான் பாறூக். "பாலத்துல ஒடையல்ல, பள்ளத்துல ஒடையல்ல. இந்தக் கொஞ்சத் தூரத்துலதான் ஒடையிது. வெடிஞ்சதுலேந்து பத்து மணி மட்டும் பஸ்ஸ மத்தப் பக்கத்தால விட்டா என்னவாம்? நடக்குறவனும் சைக்கிள்காரனும் சந்தைக்குப் போய்ச் சேரட்டுமே. பொறகு அவங்க ஆசைக்கு ஓடட்டும்."

இதை அவன் தனியாகச் சொல்லவில்லை. சந்தைப் பெண்கள் சொன்னார்கள், மஹய்யாவயிலிருந்து வேலைக்குப் போகிற கூலிகள் சொன்னார்கள். அது ஒரு விண்ணப்பமாகி, கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் தாங்கி, வீதிகளைப் பற்றி ஆலோசிக்கும் ஒரு குழுவின் மேசைக்குப் போயிற்று.

இந்த ஈப்போ ஊரில் நான் வார்னிஷ் பூசிய கதிரையில் அமர்ந்து வேலை செய்கிறேன், மெத்தையும் உண்டு. வாசகரே, அந்தச் சைக்கிள் தண்டு என் தொடையில் பதித்த வலிக்காக நான் ஏங்குகிறேன். வாவியிலிருந்து எழும் பனி, புத்தரின் தந்த மாளிகைப் பக்கத்து மேளம், ஈரச் சாக்கின் மணம், காதுக்கருகே ஒருவன் ஏற்றம் மிதிக்கும் மூச்சு. இவற்றில் எதையும் ஈப்போவில் வாங்க முடியவில்லை.

3

எங்கள் தர்க்க சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பொருள் இன்னதென்று முதலிலேயே அறிவிப்பார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுத்தான் முடிவுசெய்யும். தொப்பிக்குள் மடித்த காகிதங்கள். சிலவற்றில் 'ஒட்டு', சிலவற்றில் 'வெட்டு'. ஒட்டு விழுந்தவர் பொருளை ஆதரித்துப் பேச வேண்டும், வெட்டு விழுந்தவர் எதிர்த்து. உங்கள் நெஞ்சு எந்தப் பக்கம் என்று எவரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் நின்றும் வெல்லத் தெரிந்தவனே பேச்சாளன் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் அதை நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் அதில் பெருமையும் கொண்டேன்.

அந்த மாதத்துப் பொருள், கண்டி நகரின் நடுவீதி காலைவேளையில் நடப்பவருக்கும் சைக்கிளோட்டிகளுக்குமே உரியதாக வேண்டும் என்பது. விண்ணப்பம் ஊரெங்கும் பேச்சாக இருந்த நேரம். பாறூக்கிடம் சொன்னேன். அவன் அன்று கடை நேரத்துக்குப் பின் வீட்டுக்குப் போகாமல், முகம் கழுவி, தலையில் புதுத் தொப்பி அணிந்து மண்டபத்துக்கு வந்தான். தர்க்க சங்கத்துக்கு அவன் வந்தது அதுவே முதல் தடவை. சீட்டுக் குலுக்கும் வழக்கத்தை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை, மீனுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தோன்றுமா?

நான் பிரித்த சீட்டில் 'வெட்டு' என்றிருந்தது.

ஒரு கணம் பின்வரிசையைப் பார்த்தேன். பிறகு எழுந்து பேசினேன், நன்றாகப் பேசினேன். அடக்கத்துக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது. நகரம் என்பது ஓட்டம் என்றேன், ஓட்டம் நின்ற நீர் பாசி பிடிக்கும் என்றேன். சபை சோர்கிற இடம் வந்தது. சோர்ந்த சபையை எழுப்ப ஒரு நகைச்சுவை வேண்டும். கைக்கு எட்டியது ஒன்றுதான்.

"சபையோரே, ஏழு மைல் உடையாத முட்டை எழுபது அடியில் உடைகிறதாம். குற்றம் வீதியினதா, முட்டையினதா? இன்று முட்டைக்காகப் பஸ்ஸை நிறுத்துவோமானால், நாளை கோழிக்காக ரயிலை நிறுத்தச் சொல்வார்கள்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பாறூக்கும் சிரித்தான். முதலில் சிரித்தான் என்று சொல்ல வேண்டும். நான் ஏதோ ஒரு வளைவில் திரும்பித் தன் பக்கம் வருவேன் என்று காத்திருக்கிறவனின் சிரிப்பு அது. நான் திரும்பவில்லை. கடைசி வாக்கியம் வரைக்கும் நேரே போனேன்; எங்கள் பக்கம் வென்றது.

வெளியே அவன் ஒரு கைக்குட்டை முடிச்சோடு நின்றான். உள்ளே இரண்டு அவித்த முட்டைகள். என் வெற்றிக்காக உம்மா கொடுத்துவிட்டது.

"சாப்பிடு," என்றான். "ஒடையாதது."

நான் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"நீ சொன்னது நெசமா?"

"சீட்டுல வெட்டு விழுந்துச்சு பாறூக்கு. அதுனால வெட்டிப் பேசுனேன். மேடையில சொல்றது மேடையோட."

"அப்ப நெசத்த எங்க சொல்லுவ?"

"நேரம் வரும்போது சொல்வேன்."

அவன் தலையை ஆட்டினான். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் காலையிலும் வாசலில் மணி அடித்தது.

4

அந்தப் போட்டிக்கு நடுவராக இருந்தவர் வயதான ஒரு பிரக்கிராசியார். நீதிமன்றத்தில் பேசியே தலை நரைத்தவர். விண்ணப்பத்தை ஆராயும் வீதிக் குழுவின் தலைவரும் அவரே. கூட்டம் கலைந்தபின் என் தோளில் கை வைத்து, "தம்பி, அந்தப் பேச்சை எனக்கு எழுதித் தருவீரா?" என்று கேட்டார். எவர் கேட்டாலும் மயங்கக்கூடிய கேள்வி, அதை அவரே கேட்டார்.

இரண்டு மாலைகள் செலவழித்து, கோடு போட்ட நீளத் தாளில், புது முள்ளுப் பேனாவால் எழுதினேன். பேச்சில் தவறவிட்ட உவமைகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். எழுதி முடித்தபின், 'இது சீட்டில் விழுந்த பக்கத்துக்காகப் பேசியது. என் சொந்தக் கருத்து அன்று' என்று மேலே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. பேனாவை மையில் தோய்த்தும்விட்டேன். தலைப்புக்கு மேலே இடம் குறைவாக இருந்தது. அந்த வரியை நெருக்கி எழுதினால் பக்கத்தின் அழகு கெட்டுவிடும். எழுதாமல் கையொப்பமிட்டேன்.

வாசகரே, என் பிழை இவ்வளவுதான். ஒரு பக்கத்தின் அழகு.

குழு கூடிய நாளில் விண்ணப்பக்காரர்களுக்கும் பேச இடம் கொடுத்தார்கள். பாறூக் இரண்டு நாட்களுக்கு முன்பே என்னிடம் வந்தான். "நீ பேசினா கேப்பாங்க. நேரம் வரும்போது சொல்லுறேன்டியே. வந்திரிச்சி." நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். உண்மையில் அதுவே என் நெஞ்சின் பக்கம். அதற்காக நான் எழுதிய பேச்சு முந்தியதைவிடச் சிறந்தது. அதில் ஒரு வாதம் இருந்தது. ஆண்டுதோறும் யானைகள் வரும் பெரஹரா ஊர்வல நாட்களில் இதே வீதிகளில் மோட்டார் வண்டியை நிறுத்திவிடுகிறோம். ஆயிரம் பேர் தரையில் பாய் விரித்து உட்காருகிறார்கள். யானைக்கு வழி விடுகிற நகரம் கீரைக்காரிக்கு வழி விட்டால் குடியா மூழ்கிவிடும் என்று கேட்டிருந்தேன். அந்தப் பேச்சு என் பையிலிருந்து வெளியே வரவேயில்லை.

நான் எழுந்ததும் தலைவர் தம் கோப்பைத் திறந்து என் நீளத் தாள்களை எடுத்தார். முட்டையும் கோழியும் வரும் பகுதியை உரக்க வாசித்தார். குழுவினர் சிரித்தார்கள். பின்னால் மடவளைக்காரரும் மஹய்யாவக்காரரும் நின்றிருந்தார்கள். அங்கே சிரிப்பு இல்லை.

"இது உமது கையெழுத்துத்தானே?"

"ஆம், ஐயா."

"இதில் உள்ளது உமது கருத்தா, அல்லது வெறும் வாய்ச் சாமர்த்தியமா?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. வழக்கறிஞர் கேட்கும் முறையில் கேட்டார். எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. வாய்ச் சாமர்த்தியம் என்றால் பாறூக்கின் பக்கம் பிழைக்கும், என் பேர் போகும். நம்பாததை நம்பவைக்கிறவன் என்று ஊர் சொல்லும். பேச்சுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் பெற்ற நாவுக்கு அதைவிடக் கேடு இல்லை என்று அன்று எண்ணினேன்.

நிமிர்ந்து நின்று சொன்னேன்: "ஐயா, சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் வழக்கம் எனக்கில்லை."

நல்ல வாக்கியம். குழுவில் ஒருவர் மேசையைத் தட்டிப் பாராட்டவும் செய்தார். நான் உட்கார்ந்த பிறகுதான் அது யாருடைய கழுத்தின்மேல் விழுந்தது என்று தெரிந்தது.

பாறூக் முன்னே வந்தான். "ஐயா, ஒரு நாளைக்கி காலம்பற ஏழு மணிக்கு வந்து அந்த ரோட்டுல நடந்து பாருங்க. கையில ஒரு முட்டய வெச்சிக்கொண்டு நடங்க. வேற ஒண்டும் சொல்ல இல்ல." தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். விண்ணப்பம் பிறகு பார்க்கப்படும் என்று ஒதுக்கி வைக்கப்பட்டது.

படியிறங்கும்போது அவன் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "மேடையில சொல்றது மேடையோடண்டு சொன்ன. இன்டைக்கி மேட ஒண்டும் இரிக்கல்லயே."

மறுநாள் காலையில் சைக்கிள் வந்தது. மணி அடிக்கவில்லை, வேகமும் குறையவில்லை. நான் வாசலில் நின்றேன். உமி ஒன்றிரண்டு காற்றில் பறந்து வந்து என் வேட்டியில் ஒட்டியது. அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் நடந்தே பாடசாலைக்குப் போனேன். பிறகு மலாய் நாட்டுக்கு ஆள் கேட்டு விளம்பரம் வந்தது.

5

பிறநாட்டு வாழ்க்கையில் மனிதனை முதலில் கைவிடுவது அவனுடைய சொற்கள். நான் இங்கே வந்த புதிதில் தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டியை நினைத்துப் பாண் கேட்டேன். என்ன பானம் என்றார். உட்காரக் கதிரை கேட்டேன், எந்த ஊர் ஐயா என்றார். தமிழில் பதக்கம் வாங்கியவன் தமிழ்க் கடையில் விரலால் காட்டிச் சாப்பிட்டேன்.

எங்கள் கந்தோரின் பெரிய கிளாக்கர் வேலுப்பிள்ளை அண்ணை யாழ்ப்பாணத்தவர். இருபது ஆண்டுகளாக இங்கே இருப்பவர். அவருடைய மூத்த மகன் தகப்பன் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிறான். இளைய மகள் ஆயாவோடு சேர்ந்து மலாயில் எண்ணுகிறாள். அவர்களுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக்கொடுக்க என்னை அழைத்தார். முதல் நாளே, செந்தமிழின் இனிமை இதுவெனக் காட்ட எண்ணி, எழுந்து நின்று ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். சிறுமி தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, "மாமா ஏன் ஏசுறார்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சைக்கிள் தண்டில் கேட்ட அதே சொல்லைக் கேட்டு, நான் உட்கார்ந்து அரிச்சுவடியைத் திறந்தேன்.

இனித் தங்கை லூர்துவின் கடிதம். சுகம் விசாரித்த வரிகளை விட்டு மற்றதைத் தருகிறேன்.

'பாறூக் அண்ணனைப் போன மழைக்காலத்துல சந்தைக்கிட்ட பஸ் மட்காட் இடிச்சுப்போட்டுச்சு. வலது கை எலும்பு கோணலாக் கூடியிருக்கு. பிரேக் பிடிக்க ஏலாதாம். அதுனால ஏழு மைலும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் வாறாரு. வெடிய முந்தியே வெளிக்கிடுறாராம். அந்த வீதிக் குழு மறுபடியும் கூடப் போவுது. பாறூக் அண்ணன் ஆக்கள் திரும்ப எழுதிக் குடுத்திருக்காங்க. ஆனா பழைய கோப்புல உங்க பேச்சு இருக்காம், இந்தத் தடவையும் அதையே வாசிப்பாங்கன்னு பேசிக்கிறாங்க. அது உங்க காதுக்கு வரணும்னு எழுதுறேன்.'

கடிதத்தை மடித்தேன். சைக்கிளோட்டியாக இருந்தவனை நடப்பவனாக்கியது பஸ். அந்தப் பஸ்ஸுக்கு அந்த இடத்தில் வழி விட்டுக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். நான் இல்லாத ஊரில் என் கையெழுத்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு எதிராகப் பேசுகிறது.

கருவாட்டுத் தொட்டியைப் பார்த்து நான் நின்ற அதே செவ்வாய்க்கிழமை, நேரம் பிந்திக் கந்தோருக்குள் நுழைந்ததும் விடுமுறைப் படிவம் கேட்டேன். ஊருக்குப் போய்வரும் நீண்ட விடுமுறை ஐந்து ஆண்டு முடிந்தவர்க்கே உண்டு. அதற்குள் போவதானால் படிவத்தில் மூன்று காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும்: நோய், விவாகம், பெற்றோர் மரணம். நான் மூன்றையும் வெட்டிவிட்டு, 'பேச்சொன்றைத் திரும்பப் பெறுவதற்காக' என்று எழுதினேன்.

வேலுப்பிள்ளை அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார். "தம்பி, இதென்ன எழுதியிருக்கிறீர்?"

"காரணம், அண்ணை."

"துரை இதை வாசிச்சால், உமக்கு வருத்தம் எண்டு ஆசுப்பத்திரிக்கு அனுப்பிப்போடுவான். கலியாணம் எண்டு எழுதும்."

"பொண்ணு யாருன்னு கேட்டா?"

"கண்டிப் பொம்பிளை, பேர் மறந்துபோச்சு எண்டு சொல்லும். கன பேர் அப்பிடித்தான் போய் வந்தவை."

நானும் சிரித்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். பாறூக்கை, சீட்டை, நீளத் தாளை, குழுவின் கேள்வியை எல்லாம் சொன்னேன். அவர் படிவத்தைக் கையில் வைத்தபடியே கேட்டார். முடிந்ததும், "அண்டைக்கு ஒரு வரி எழுதாமல் விட்டீர்," என்றார். "இண்டைக்கு ஒரு சொல்லு எழுதினால் கப்பல் ஏறலாம். அதையும் எழுதமாட்டீர். உம்மோட பெரிய கரைச்சல்."

"எழுத மாட்டேன், அண்ணை."

"ஓம், விளங்குது," என்றார். "கடதாசிக்குக் கடதாசிதான் மருந்து. சத்தியக் கடதாசி ஒண்டு எழுதி முடியும். பதிஞ்ச தபாலிலை குழுவுக்கு அனுப்புவம். நான் சாட்சி வைக்கிறன்."

6

சத்தியக் கடதாசியை மூன்று தரம் எழுதினேன். முதலாவதில் பேச்சின் வரலாறு இரண்டு பக்கம் வந்தது. வேலுப்பிள்ளை அண்ணை, "இதுக்கும் கைதட்டு வேணுமோ?" என்று கேட்டுக் கோடு போட்டார். இரண்டாவதில் உவமைகள் நின்றன. மூன்றாவதில் இவ்வளவே மிஞ்சியது:

'குழுவின் கோப்பில் என் கையொப்பத்தோடு உள்ள பேச்சு, சீட்டில் விழுந்த பக்கத்துக்காகப் பேசப்பட்டது. அதில் உள்ளது அன்றும் என் கருத்தன்று; இன்றும் அன்று. குழு கேட்டபோது நான் பெருமைக்காக உண்மையை மறைத்தேன். மடவளைப் பாறூக் கேட்டது நியாயம். அதற்கு எதிராக என் சொல்லை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

சத்தியம் வாங்கும் அதிகாரி ஓர் ஆங்கிலோ இந்தியர். தமிழ் அறியார். ஆயினும் விதிப்படி நான் அதை உரக்க வாசிக்க வேண்டும் என்றார். வேலுப்பிள்ளை அண்ணை மொழிபெயர்த்தார். நான் ஒரு கையில் வேதாகமத்தைத் தொட்டுக்கொண்டு வாசித்தேன். மேடை ஏறிய நாள் முதல் நான் பேசியவற்றுள் மிகச் சிறியது அது. பாதியில் என் குரல் இறங்கிவிட்டது. 'நியாயம்' என்ற சொல்லை இரண்டு தரம் சொல்ல நேர்ந்தது. அதிகாரி முத்திரையைக் குத்தி, அடுத்தவரை அழைத்தார்.

தாள் கோப்புக்குள் போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். கந்தோரில் வேலை செய்பவன் நான். தாள்கள் எப்படித் தொலைகின்றன என்பதை அறிவேன். ஆகையால் இங்கே அச்சிலும் எழுதுகிறேன். குழு கூடும் நாளில் உங்களில் ஒருவராவது அந்த அறையின் பின்புறம் நில்லுங்கள். என் பழைய தாளை அவர்கள் எடுத்தால், இதைச் சொல்லுங்கள். வேறு உதவி கேட்க எனக்கு உரிமை இல்லை.

தபாற்கந்தோரிலிருந்து இருவரும் அஞ்சடி வழியே திரும்பினோம். மழை பிடித்திருந்தது. கூரைக்கு வெளியே வீதி வெள்ளக்காடாகிக் கிடக்க, உள்ளே பாடசாலைப் பிள்ளைகளும் கூலிக்காரரும் காய்ந்த காலோடு போய்க்கொண்டிருந்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவன் எதிரே வந்தான்; நாங்கள் சுவரோரம் ஒதுங்கினோம்.

"இப்ப மனம் ஆறிச்சோ?" என்று வேலுப்பிள்ளை அண்ணை கேட்டார்.

ஆறவில்லை. தாள் தாளைத்தான் திரும்பப் பெறும். அன்று அவன் முகத்துக்கு முன்னால் வாயால் சொன்னதற்கு வாயால்தான் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று பட்டது. கேட்க வேண்டியவன் கடலுக்கு அப்பால் இருந்தான். நான் ஒரு தூணருகே நின்றேன். போகிறவர்கள் பார்த்தார்கள், அண்ணையும் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். மேடைத் தமிழ் எனக்கு வரவில்லை, வீட்டுத் தமிழ்தான் வந்தது.

"பாறூக்கு, இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. லீவு கெடைச்ச அன்னைக்கே கப்பல் ஏறிருவேன். கட்டுகஸ்தோட்டப் பாலத்துல வெடியக்காலமே வந்து நிப்பேன். அங்கயிருந்து சந்த வரைக்கும் சைக்கிள நான் தள்ளுறேன், நீ கைய வீசிக்கிட்டு நடந்து வா. பஸ் வந்தா நான் ஒதுங்க மாட்டேன். நீயா பேசச் சொல்ற வரைக்கும் வழி நெடுக ஒரு வார்த்த பேச மாட்டேன்."